குடியரசுத் தலைவரும் பாராளுமன்றமும்: 1877ஆம் ஆண்டுப் பிரெஞ்சு நெருக்கடி

அரசன் இல்லாத நாட்டிலே அரசனுக்குரிய கருமங்களை ஆற்றுவது யார்? சட்டங்களுக்குக் கையொப்பமிடுவது யார்? பிற நாட்டுத் தூதுவரை வரவேற்பது யார்? தூக்குமேடைக்குச் செல்லவிருக்கும் கைதிக்கு மன்னிப்பு அளிப்பது யார்? முடியாட்சியை நீக்கிய நாடு ஒவ்வொன்றும் இவ் வினாக்களுக்கு விடை தேட வேண்டியதாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஒரு விடை கண்டன. அங்கே குடியரசுத் தலைவரே ஆட்சியையும் நடத்துகின்றார். பாராளுமன்ற முறையைத் தழுவிய குடியரசுகள் மற்றொரு விடையைக் கண்டன. அவற்றிலே தலைவர் ஒருவர் இருப்பார். ஆனால் ஆட்சி நடத்துவோர் மந்திரிமார். அம் மந்திரிமாரோ பாராளுமன்றத்திற்குப் பொறுப்புடையவர்கள். இத்தாலி, ஜெர்மனி, இந்தியா முதலிய நாடுகளில் இன்று காணப்படும் முறை இதுவே. இலங்கையிலும் 1972 முதல் 1978 வரை வில்லியம் கோபல்லாவ அவர்கள் வகித்த ஜனாதிபதிப் பதவி இவ்வகையினதே.

இம் முறை சட்ட அறிஞர் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே நாளில் வகுத்த முறை அன்று. பாராளுமன்றக் குடியரசின் தலைவர் எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்ற வழக்கு, 1877ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிலே, ஒரு முதிய போர்வீரருக்கும் மக்கள் தெரிந்த சபை ஒன்றிற்கும் இடையே ஏழு மாத காலம் நடைபெற்றது. அவ் வழக்கிலே சட்டத்தின் எழுத்துப் பெரும்பாலும் போர்வீரர் பக்கமே நின்றது. எனினும் அவர் தோற்றார். அவர் தோற்ற விதத்தை அறிந்துகொண்டால் இப் பதவியின் இயல்பும் விளங்கும்.

கதையைச் சற்று முன்னிருந்து தொடங்குதல் வேண்டும். 1848ஆம் ஆண்டிலே பிரெஞ்சு மக்கள் தங்கள் அரசனைத் துரத்திவிட்டு இரண்டாம் முறையாகக் குடியரசு அமைத்தனர். புதிய அரசியலமைப்பை ஆராய்ந்த சபையிலே, குடியரசுத் தலைவரை நாட்டு மக்கள் அனைவரும் நேரே வாக்களித்துத் தெரிய வேண்டும் என்ற கருத்து ஓங்கி நின்றது. அப்பொழுது ஜூல்ஸ் கிரேவி என்னும் இளம் வழக்கறிஞர் எழுந்து அதனை எதிர்த்தார். இலட்சக்கணக்கான வாக்குகளைப் பெற்ற ஒருவனைப் பதவியில் ஏற்றினால், அவன் பேராசைக்காரனாய் இருப்பின், குடியரசையே கவிழ்த்துவிட மாட்டான் என்பதற்கு உறுதி என்ன என்று அவர் கேட்டார். அவர் கொண்டுவந்த திருத்தம் 158 வாக்குகளுக்கு எதிராக 643 வாக்குகளால் தோல்வியுற்றது. அவ்வாண்டு திசெம்பர் மாதத்திலே மக்கள் வாக்களித்தனர். ஏறத்தாழ 54 இலட்சம் வாக்குகளைப் பெற்றுத் தலைவரானவர் லூயி நெப்போலியன் என்பவர். பேரரசன் நெப்போலியனின் தம்பி மகன். மூன்றாண்டுகள் செல்லு முன்னரே, 1851 திசெம்பர் 2ஆந் திகதி, அவர் படையைக் கொண்டு சபையைக் கலைத்தார். மறு ஆண்டு அதே நாளிலே முடியுஞ் சூடிக்கொண்டார். கிரேவியின் அச்சம் வார்த்தைக்கு வார்த்தை பலித்தது. மக்கள் வாக்கினால் நேரே தெரியப்படும் தலைவர் என்றாலே பிரெஞ்சுக் குடியரசுவாதிகள் நூறாண்டு காலம் நடுங்கியமைக்குக் காரணம் இதுவே.

அந்த மூன்றாம் நெப்போலியனின் ஆட்சி 1870ஆம் ஆண்டு செப்தெம்பரில் செடான் என்னும் எல்லைப்புற நகரிலே, பிரசியப் படைகளின் முன்னே வீழ்ந்தது. பேரரசர் சிறைப்பட்டார். பாரிசு நகரிலே மீண்டும் குடியரசு பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆனால் 1871 பெப்ரவரியில் மக்கள் தெரிந்தெடுத்த தேசிய சபையிலோ முடியாட்சிக் கட்சியினரே பெரும்பான்மையினர்! போர் வேண்டாம், சமாதானமே வேண்டும் என்று கருதிய கிராம மக்கள், தத்தம் ஊர்ப் பிரபுக்களைத் தெரிந்து அனுப்பியிருந்தனர். அரசனைத் தேடிய சபை ஒன்று குடியரசுக்குச் சட்டம் இயற்ற அமர்ந்தது.

அரசன் கிடைத்தானா என்றால், ஒருவர் அன்று இருவர் இருந்தனர். பழைய பூர்போன் குலத்து வாரிசு ஷம்போர் கோமகன். ஓர்லியன் குலத்து வாரிசு பாரிசுக் கோமகன். ஷம்போருக்குப் பிள்ளை இல்லை. ஆகவே அவர் முதலில் ஆளட்டும், அவருக்குப் பின் மற்றவர் ஆளட்டும் என்று இரு சாராரும் இணங்கினர். எல்லாம் கூடிவந்த வேளையிலே ஷம்போர் கோமகன் ஒரு பிடிவாதங் கொண்டார். புரட்சியின் அடையாளமான மூவர்ணக் கொடியைத் தாம் ஏற்பதில்லை. தம் முன்னோரின் வெள்ளைக் கொடியே வேண்டும் என்றார். மூவர்ணக் கொடியின் கீழ் இரத்தஞ் சிந்திய பிரெஞ்சுப் படை வெள்ளைக் கொடியை ஏற்குமா? 1873 ஒக்தோபரில் அவர் விடுத்த கடிதத்தோடு அரியணை அவர் கைக்கு எட்டாது போயிற்று. ஒரு துணித்துண்டின் நிறத்திற்காக ஒரு முடியை இழந்தவர் இவர். கொள்கைப் பற்று என்று புகழ்வோரும் உண்டு, மதியீனம் என்று நகைப்போரும் உண்டு. பிரான்சு குடியரசாகவே நின்றுவிட்டமைக்கு அவர் செய்த உதவி, குடியரசுவாதிகள் பலர் செய்த உதவியினும் பெரிது.

இதற்கிடையே நாட்டின் தலைமையும் மாறியிருந்தது. முதலிற் குடியரசுத் தலைவராயிருந்த முதுபெரும் அரசியல்வாதி தியேர், முடியாட்சிக் கட்சியில் இருந்தவராயினும், குடியரசே நம்மை மிகக் குறைவாகப் பிரிக்கும் ஆட்சி என்ற முடிவிற்கு வந்தார். சபையின் பெரும்பான்மையினர் அவரை 1873 மே 24ஆந் திகதி வீழ்த்தினர். அன்றைய தினமே 390 வாக்குகளால் மார்ஷல் மக்மாகோன் தலைவராகத் தெரியப்பட்டார்.

அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்திற் பிறந்தவர் மக்மாகோன். கிறைமியப் போரிலே மலகோவ் கோட்டையைக் கைப்பற்றியவர். 1859இல் இத்தாலியிலே மஜெந்தாப் போரில் வென்று அவ்வூரின் பெயராலேயே கோமகன் பட்டம் பெற்றவர். செடான் போர்க்களத்திலே காயமுற்றவர். பாரிசுக் கொம்யூன் கிளர்ச்சியை 1871 மே மாதத்திலே கடுமையாக அடக்கிய படைக்குத் தலைமை தாங்கியவர். அரசியலில் அவருக்கு நாட்டமுமில்லை, நுட்பமுமில்லை. நேர்மையுடையவர் என்பதை மட்டும் பகைவரும் ஒப்புக்கொண்டனர். 1873 நவம்பரிலே ஷம்போர் கோமகன் வேர்சாய் நகருக்கு மறைவாக வந்து, மார்ஷல் தம்மை அழைத்துக்கொண்டு சபைக்குள் நுழைவார் என எதிர்பார்த்துக் காத்திருந்தார். தாம் மனத்தளவில் அரசர் பக்கத்தவராயினும், சபை தம்மிடம் ஒப்படைத்த பொறுப்பிற்கு மாறாக நடக்க மக்மாகோன் இணங்கவில்லை. கோமகனைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். பின்னர் நிகழ்ந்தவற்றை ஆராய்வோர் இதனை மறத்தல் ஆகாது. அவர் சதிகாரர் அல்லர்.

ஷம்போர் இறக்கும் வரை பதவி வெறுமையாய் இருத்தல் கூடாது. அதுவரை அரசனின் இடத்தை ஒருவர் காத்து நிற்க வேண்டும் என்று பெரும்பான்மையினர் எண்ணினர். அதனால் மார்ஷலுக்கு ஏழாண்டுத் தவணை வழங்கப்பட்டது. ஏழு என்ற எண்ணிற்கு ஆழ்ந்த அரசியல் தத்துவம் எதுவும் இல்லை. அத்தனை காலத்துள் வாரிசுச் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற கணக்கே அது. (ஷம்போர் 1883 வரை வாழ்ந்திருந்தார், கணக்குப் பிழைத்தது.) ஆயினும் அந்த ஏழாண்டுத் தவணை நிலைத்துவிட்டது. 2000ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுத் தலைவர்களின் பதவிக்காலம் ஏழாண்டாகவே இருந்தது.

1875 ஜனவரி 30ஆந் திகதி, வலோன் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். குடியரசுத் தலைவர், செனற் சபையும் பிரதிநிதிகள் சபையும் தேசிய சபையாக ஒருங்கு கூடிய இடத்திலே பெரும்பான்மை வாக்குகளால் ஏழாண்டுகளுக்குத் தெரியப்படுவார், மீண்டுந் தெரியப்படவுங் கூடும் என்பது அதன் கருத்து. பார்வைக்கு எளிய வாக்கியம். ஆனால் மார்ஷல் ஒருவருக்கு மட்டுமுரிய பதவியாய் இருந்ததனை நிலையான ஒரு நிறுவனமாக்கியது அவ் வாக்கியமே. குடியரசு வேண்டுமா வேண்டாவா என்ற வினாவிற்கு அது மறைமுகமான விடை. 352 வாக்குகளுக்கு எதிராக 353 வாக்குகளால் அது நிறைவேறிற்று. ஒரே ஒரு வாக்கு!

அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டங்கள் தலைவருக்கு வழங்கிய அதிகாரங்கள் சிறியன அல்ல. இரு சபையினரோடும் சட்டம் பிரேரிக்கும் உரிமை. படைகள் மீது அதிகாரம். மன்னிப்பு அளிக்கும் உரிமை. குடியியல், படைத்துறைப் பதவிகள் அனைத்திற்கும் ஆளை நியமிக்கும் உரிமை. எல்லாவற்றிற்கும் மேலாக, செனற் சபையின் இணக்கம் பெற்றுப் பிரதிநிதிகள் சபையை அதன் தவணை முடியுமுன் கலைக்கும் உரிமை. எழுத்தை மட்டும் நோக்கின், இங்கிலாந்து அரசனின் அதிகாரத்தினும் குறைந்ததன்று. ஆனால் அதே சட்டத்திலே வேறு இரண்டு வாக்கியங்களும் இருந்தன. தலைவரின் செயல் ஒவ்வொன்றிலும் மந்திரி ஒருவரும் கையொப்பமிடுதல் வேண்டும் என்பது ஒன்று. மந்திரிமார் அரசாங்கத்தின் பொதுக் கொள்கைக்காகச் சபைகளுக்குக் கூட்டாகப் பொறுப்புடையவர், தலைவரோ பெருந் துரோகக் குற்றத்திற்கு மட்டுமே பொறுப்புடையவர் என்பது மற்றொன்று.

இந்த இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒரு புதிர் தோன்றும். தலைவர் பொறுப்பற்றவர், ஆகையால் எவரும் அவரைக் கேள்வி கேட்க இயலாது. கேள்வி கேட்க இயலாத ஒருவர் ஆட்சி நடத்தினால் அது முடியாட்சியே. எனவே அவர் ஆட்சி நடத்தலாகாது; பொறுப்புடைய மந்திரியே நடத்த வேண்டும். இவ்வாறு குடியரசுவாதிகள் வாதித்தனர். மந்திரியின் கையொப்பம் தலைவருக்குத் துணையா, தலைவரின் கையொப்பம் மந்திரிக்கு முத்திரையா? சட்டம் இதற்கு விடை கூறவில்லை. 1875இல் வாக்களித்தோர் அதனை வேண்டுமென்றே தெளிவில்லாது விட்டனர் என்றே கொள்ள வேண்டும். தெளிவாக எழுதியிருந்தால் எந்தப் பக்கமும் பெரும்பான்மை பெற்றிராது.

இங்கே தமிழர் அறிய வேண்டிய ஒரு சிறு செய்தி உண்டு. இச் சட்டங்களின்படி அமைந்த செனற் சபையிலே, மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியன் தீவுகளோடு பிரெஞ்சிந்தியாவிற்கும் ஓர் இடம் வழங்கப்பட்டது. பிரதிநிதிகள் சபையிலும் ஓர் இடம் கிடைத்தது. புதுச்சேரியும் காரைக்காலும் பாரிசு அரசியலின் கணக்கிலே, மிகச் சிறிய அளவிலேனும், சேர்ந்திருந்த காலம் அது.

1876ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த தேர்தலிலே பிரதிநிதிகள் சபையின் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இடங்களைக் குடியரசுவாதிகள் கைப்பற்றினர். செனற் சபையிலே பழைமைவாதிகள் சிறு பெரும்பான்மையோடு தப்பினர். குடியரசுவாதிகளின் உண்மைத் தலைவர் லியோன் கம்பெற்றா. 1870இல் முற்றுகையிடப்பட்ட பாரிசிலிருந்து வாயுக்கூண்டிலே பறந்து சென்று படை திரட்டியவர். இடிமுழக்கம் போலப் பேசும் ஆற்றலுடையவர். அவரைப் பிரதம மந்திரியாக்க மார்ஷல் இசையவில்லை. முதலிலே துபோர் என்னும் முதியவரையும், அவ்வாண்டு திசெம்பரிலே ஜூல்ஸ் சிமோன் என்னும் தத்துவ ஆசிரியரையும் அழைத்தார். சிமோன் தாம் ஆழ்ந்த குடியரசுவாதி என்றும் உறுதியான பழைமைவாதி என்றும் ஒரே மூச்சிற் சொல்லக்கூடியவர். இரு தோணியிற் கால் வைத்தவரின் கதி அவருக்கும் நேர்ந்தது.

1877 மே 16ஆந் திகதி காலை, அரசாங்கச் செய்தித்தாளைப் படித்த மார்ஷல், பத்திரிகைச் சட்டம் ஒன்றை நீக்கச் சபை வாக்களித்தது என்பதையும், பிரதம மந்திரி அதனைத் தடுத்துப் பேசவில்லை என்பதையும் அறிந்து சினங்கொண்டார். உடனே சிமோனுக்கு ஒரு கடிதம் எழுதினார். சபையின் மீது உமக்கு இன்னும் செல்வாக்கு உண்டா என்று அதிற் கேட்டார். அதன் இறுதியிலே எழுதிய கருத்தே முக்கியமானது. உம்மைப் போலப் பாராளுமன்றத்திற்குப் பொறுப்புடையவன் அல்லனாயினும், பிரான்சு நாட்டிற்கு எனக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்று அவர் எழுதினார்.

அந்த ஒரு வாக்கியத்தில் வழக்கு முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. நாட்டிற்கு நேரே பொறுப்புடையவர் என்றால், நாட்டின் கருத்தை யார் எடுத்துரைப்பது? மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபையா, அச் சபைக்கு அப்பாலே நாட்டின் மனத்தைத் தாமே அறிந்ததாகக் கருதும் தலைவரா? சிமோன் சபையின் நம்பிக்கையை இழந்தவர் அல்லர். இழக்காத ஒருவரைத் தலைவர் தம் விருப்பத்தால் வெளியேற்றலாமா? சிமோன் போராடவில்லை, அன்றே பதவி துறந்தார். கம்பெற்றாவின் கட்டளைக்குக் கீழே இருப்பதினும் வீழ்த்தப்படுவதே தமக்கு மேல் என்று மார்ஷல் அவரிடங் கூறியதாகச் சொல்லப்படுகின்றது.

புரோயி கோமகன் என்னும் முடியாட்சிவாதியின் தலைமையிலே புதிய மந்திரிசபை அமைந்தது. சபை ஒரு மாதத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. குடியரசுவாதிகள் 363 பேர் ஒன்றுகூடி நாட்டிற்கு ஓர் அறிக்கை விடுத்தனர். மிதவாதியும் தீவிரவாதியும், தியேரும் கம்பெற்றாவும், முன்பு ஒருவரை ஒருவர் ஏசியவர்கள், ஒரே தாளிற் கையொப்பமிட்டனர். மார்ஷலின் கடிதம் அவர்களுக்குச் செய்த நன்மை அது.

ஜூன் 16ஆந் திகதி சபை மீண்டுங் கூடியபொழுது நிகழ்ந்த காட்சி ஒன்று பிரெஞ்சு மக்களின் நினைவில் நெடுங்காலம் நின்றது. உள்நாட்டு மந்திரி பூர்ட்டு பேசுகையிலே, 1871ஆம் ஆண்டின் தேசிய சபையே நாட்டின் மண்ணை அந்நியர் பிடியிலிருந்து மீட்டது என்றார். பிரசியருக்குரிய தண்டப்பணத்தைக் கடன் திரட்டிச் செலுத்தி அவர்கள் படையை வெளியேறச் செய்தவர் தியேர். எண்பதாண்டு முதியவரான அவர் அச் சபையிலேதான் அமர்ந்திருந்தார். உடனே குடியரசுவாதிகள் அனைவரும் எழுந்து, அவரைச் சுட்டிக்காட்டி, மண்ணை மீட்டவர் இதோ இருக்கின்றார் என்று முழங்கினர். மந்திரியின் பேச்சு அந்த ஆரவாரத்தில் அமிழ்ந்துபோயிற்று. மூன்று நாட்களின் பின் 158 வாக்குகளுக்கு எதிராக 363 வாக்குகளால் மந்திரிசபை மீது நம்பிக்கையின்மை தெரிவிக்கப்பட்டது. செனற் சபை 130க்கு எதிராக 149 வாக்குகளால் கலைப்பிற்கு இணங்கியது. ஜூன் 25ஆந் திகதி பிரதிநிதிகள் சபை கலைக்கப்பட்டது.

இதுவரை நடந்தவற்றிலே சட்டத்தின் எந்த வரியும் மீறப்படவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். மந்திரிமாரை நியமிக்கும் உரிமை தலைவருக்கு உண்டு. ஒத்திவைக்கும் உரிமை உண்டு. செனற் சபையோடு சேர்ந்து கலைக்கும் உரிமையும் உண்டு. குடியரசுவாதிகள் இதனை ஆட்சிச் சதி என்று கூவியது மிகையே. ஆனால் தேர்தல் நடத்திய முறை அக் கூற்றிற்கு நியாயந் தேடிக் கொடுத்தது. மாகாண அதிபர்கள் பெருந்தொகையாக நீக்கப்பட்டனர். ஊர்த் தலைவர்கள் விலக்கப்பட்டனர். பத்திரிகைகள் மீது வழக்குகள் குவிந்தன. குடியரசுவாதிகள் கூடிப் பேசும் இடங்களென்று கருதப்பட்ட கோப்பிக் கடைகளும் மூடப்பட்டன. அரசாங்கத்தின் அபேட்சகர்களுக்கு வெள்ளைத் தாளில் அச்சிட்ட விளம்பரங்கள் ஊர்தோறும் ஒட்டப்பட்டன. மார்ஷலின் பெயர் அவற்றிலே பெரிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. இதுவே அவர் செய்த பெரும் பிழை. கட்சிகளுக்கு மேலே நிற்க வேண்டிய ஒருவர் தம் பெயரை வாக்குப் பெட்டிக்குள் இட்டார். இட்ட பின், அப் பெட்டி தரும் விடை மந்திரிமாரை மட்டுமன்றி அவரையுந் தாக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஓகஸ்ற் 15ஆந் திகதி லீல் நகரிலே கம்பெற்றா பேசினார். பிரான்சு தன் இறைமைக் குரலைக் கேட்கச் செய்த பின்னர், பணிய வேண்டும், அல்லது பதவி துறக்க வேண்டும் என்று அவர் கூறினார். பிரெஞ்சு மொழியிலே எதுகை போல ஒலிக்கும் அவ் விரண்டு சொற்களும் ஒரு கிழமைக்குள் நாடெங்கும் பரவின. தலைவரை அவமதித்தார் என்று கம்பெற்றாவுக்கு மூன்று மாதச் சிறையும் 2000 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. தண்டனைத் தீர்ப்பு அச் சொற்களுக்கு இலவச விளம்பரம் ஆயிற்று. அவரோ சிறைக்குட் செல்லவேயில்லை. செப்தெம்பர் 3ஆந் திகதி தியேர் காலமானார். மார்ஷல் விலகினால் அவரிடத்திற்கு வரவிருந்தவர் அவரே. பாரிசு வீதிகளிலே அவருடைய பிரேதத்தின் பின்னே சென்ற பெருங் கூட்டம், ஒரு தேர்தற் கூட்டம் செய்யக்கூடிய வேலையை அமைதியாகச் செய்து முடித்தது.

ஒக்தோபர் 14ஆந் திகதியும் 28ஆந் திகதியும் மக்கள் வாக்களித்தனர். 363 பேராகச் செல்கின்றோம், 400 பேராக மீள்வோம் என்று கம்பெற்றா கூறியிருந்தார். அது நடைபெறவில்லை, அரசாங்கத்தின் நெருக்கடிகள் சிறிது பயன் தரவே செய்தன. 320 பேருக்குச் சற்று மேற்பட்ட குடியரசுவாதிகள் மீண்டனர். பழைமைவாதிகள் 200 பேருக்குச் சற்று மேற்பட்டனர். பெரும்பான்மை குறைந்தது, ஆனால் பெரும்பான்மையாகவே நின்றது. 

மார்ஷல் உடனே பணியவில்லை. புரோயி விலகிய பின், பாராளுமன்றத்திற்கு வெளியேயிருந்து ஒரு மந்திரிசபையைப் படைத்தலைவர் ரோஷ்புவே என்பவரின் கீழ் அமைத்துப் பார்த்தார். சபை அதனோடு எவ்விதத் தொடர்புங் கொள்ள மறுத்தது. மேலும் வரவு செலவுத் திட்டத்திற்கு வேண்டிய வரிகளுக்கு வாக்களிக்கவும் மறுத்தது. இரண்டாம் முறை கலைக்கலாமா என்று தலைவர் எண்ணியபொழுது செனற் சபையின் மனம் தளர்ந்துவிட்டது. வரிப்பணமின்றி அரசாங்கம் நடத்த வேண்டுமாயின் படையை வீதிக்குக் கொண்டுவர வேண்டும். மூன்றாம் நெப்போலியன் செய்த காரியம் அது. அதைச் செய்யும்படி தூண்டியவர்களும் மார்ஷலைச் சுற்றி இருந்தனர். அவர் அதற்குச் செல்லவில்லை. 1873இல் ஷம்போரைச் சந்திக்க மறுத்த அதே மனிதர், 1877 திசெம்பர் 13ஆந் திகதி துபோரை மீண்டும் அழைத்துக் குடியரசுவாதிகளின் மந்திரிசபையை ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் அவர் பெயரால் சபைகளுக்கு ஒரு செய்தி விடுக்கப்பட்டது. அதனை எழுதியவர்கள் அவருடைய புதிய மந்திரிமார் என்பதில் ஐயமில்லை. 1875இன் அரசியலமைப்புத் தலைவரின் பொறுப்பின்மையையும் மந்திரிமாரின் பொறுப்பையும் நிறுவியதன் மூலம் ஒரு பாராளுமன்றக் குடியரசை உண்டாக்கிற்று என்று அது கூறியது. கலைக்கும் உரிமை, மேன்முறையீடு இல்லாத நீதிபதியாகிய நாட்டிடம் ஆலோசனை கேட்கும் வழியே அன்றி ஆட்சி முறை ஆகமாட்டாது. மந்திரிமார் தம் பொறுப்பை ஏற்க வேண்டுமாயின் அவர்கள் சுதந்திரமுடையவராய் இருத்தல் வேண்டும் என்றெல்லாம் அதிலே கூறப்பட்டது. சட்டநூல் எழுதாது விட்ட விடையை, தோற்றவர் தம் கையொப்பத்தோடு எழுதிக் கொடுத்தார். அரசியலமைப்பிலே ஓர் எழுத்தும் மாறாமல் அதன் பொருள் மாறிவிட்டது.

1878இல் பாரிசிலே நடந்த உலகப் பொருட்காட்சியைத் திறந்துவைத்தவர் மார்ஷலே. விழாக்களுக்குத் தலைமை தாங்கும் கடமையை அவர் குறைவற நிறைவேற்றினார். 1879 ஜனவரியில் செனற் சபையும் குடியரசுவாதிகள் வசமாயிற்று. படைத்தலைவர்கள் சிலரைப் பதவியிலிருந்து நீக்கும் ஆணையிற் கையொப்பமிடுமாறு மந்திரிமார் கேட்டனர். தம் பழைய தோழரை நீக்கக் கையொப்பமிடுவதிலும் பதவி துறத்தலே மேல் என்று கூறி, ஜனவரி 30ஆந் திகதி மக்மாகோன் விலகினார். பணிதலும் ஆயிற்று, துறத்தலும் ஆயிற்று.

அன்றே 563 வாக்குகளாற் புதிய தலைவர் தெரியப்பட்டார். அவர் வேறு யாருமல்லர். முப்பதாண்டுகளுக்கு முன் இப்படியொரு வலிய தலைவர் பதவியே வேண்டாம் என்று வாதித்துத் தோற்ற அதே ஜூல்ஸ் கிரேவி. பாராளுமன்ற ஆட்சியின் பெருவிதிக்கு உண்மையாகப் பணிந்து, அரசியலமைப்பின் வழியாக வெளிப்படும் தேசத்தின் விருப்பத்திற்கு எதிராக ஒருபோதும் போராடேன் என்று அவர் தம் முதற் செய்தியிலே உறுதி கூறினார். கலைக்கும் உரிமை சட்டநூலிலே கிடந்தது; ஆனால் அதன் பின் 1940 வரை எந்தத் தலைவரும் அதனை எடுக்கத் துணியவில்லை.

இதனால் பிரெஞ்சுத் தலைவர் வெறும் பொம்மையானார் என்று சொல்வது வழக்கம். முற்றிலும் உண்மையன்று. பிரதம மந்திரியாக யாரை அழைப்பது என்ற தெரிவு அவரிடமே இருந்தது. பல கட்சிகளாகப் பிளவுபட்ட சபையிலே அது சிறு தெரிவு அன்று. கிரேவியே கம்பெற்றாவை 1881 நவம்பர் வரை அழைக்காது தட்டிக் கழித்தார். 1887இல் எல்லைப்புறத்திலே ஒரு பிரெஞ்சு அதிகாரியை ஜெர்மானியர் பிடித்தபொழுது, போர் வெறி கொண்ட மந்திரி புலாஞ்சேயை அடக்கி அமைதி காத்தவரும் அவரே. 1917 நவம்பரிலே, போரின் மிக இருண்ட காலத்தில், புவன்காரே தமக்குச் சிறிதும் பிடிக்காத கிளெமென்சோவை ஆட்சிக்கு அழைத்தார். தம் வெறுப்பை விழுங்கிக்கொண்டு ஆற்றிய அந்த ஒரு தெரிவு, அவர் ஏழாண்டிற் செய்த ஏனைய எல்லாவற்றிலும் பெரிது.

எல்லாரும் இப்படிப் பொறுமை காட்டினர் என்று சொல்வதற்கில்லை. கசிமிர் பெரியே ஆறு மாதஞ் சென்றதும், மந்திரிமார் தமக்கு எதையும் அறிவிப்பதில்லை என்று மனங்கசந்து 1895 ஜனவரியில் விலகினார். மில்ரான் 1923இல் ஒரு கட்சியின் பக்கமாகப் பேசினார். மறு ஆண்டுத் தேர்தலில் எதிர்ப்பக்கம் வென்றது. வென்றவர்கள் அவரிடமிருந்து மந்திரிப் பதவி ஏற்க மறுத்தனர். 1924 ஜூன் 11ஆந் திகதி அவரும் விலகினார். மார்ஷலின் வழக்கு மறுமுறை விசாரிக்கப்பட்டு அதே தீர்ப்புப் பெற்றது எனலாம்.

இவ்வேற்பாட்டின் குறையும் மறைக்கத்தக்கதன்று. கலைப்பு என்ற அச்சம் நீங்கியதும் பிரதிநிதிகள் மந்திரிசபைகளை அஞ்சாது கவிழ்த்தனர். கவிழ்த்தவர் தேர்தலுக்கு முகங்கொடுக்க வேண்டியதில்லையே! இங்கிலாந்திலே பிரதம மந்திரியின் கையிலிருந்த ஆயுதம், பிரான்சிலே எவர் கையிலும் இல்லாது போயிற்று. மார்ஷல் அதனைத் தவறாக எடுத்தமையால் நேர்ந்த இழப்பு அது. 1946ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அவ்வுரிமையை மந்திரிசபையின் தீர்மானத்திற்கு உட்படுத்தியது. 1955 திசெம்பரிலே எட்கார் போர் அரசாங்கம் அதனைப் பயன்படுத்தியது. 1958இல் தெகோல் வகுத்த அரசியலமைப்பு அதனைத் தலைவரிடமே, எச் சபையின் இணக்கமும் வேண்டாமல், மீளக் கொடுத்தது. 1962இல் தலைவரை மக்களே நேரில் தெரியும் முறையும் திரும்பி வந்தது. கிரேவி அஞ்சிய அதே முறை.

1875இல் ஒரே வாக்கினால் நிறைவேறிய வலோனின் வாக்கியமோ, பெப்ரவரி 25ஆந் திகதிச் சட்டத்தின் இரண்டாம் பிரிவாக அறுபத்தைந்து ஆண்டுகள் நின்றது. 1940 கோடையிலே ஜெர்மானியப் படைகளின் முன் பிரான்சு வீழ்ந்தது. ஜூலை 10ஆந் திகதி விஷி நகரிலே கூடிய தேசிய சபை, 80 வாக்குகளுக்கு எதிராக 569 வாக்குகளால் முழு அதிகாரத்தையும் மார்ஷல் பேத்தான் கையிற் கொடுத்தது. குடியரசுத் தலைவர் லெப்ரன் பதவி துறக்கவுமில்லை, எவரும் அவரைத் துறக்கச் சொல்லவுமில்லை. மறுநாள் பேத்தான் தம் முதல் ஆணையிலே, பிரெஞ்சு அரசின் தலைமையைத் தாம் ஏற்பதாகக் கூறி, அதன் பயனாக 1875 பெப்ரவரி 25ஆந் திகதிச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு நீக்கப்படுகின்றது என்று எழுதினார். அந்த ஆணைக்கு எந்த மந்திரியின் கையொப்பமும் தேவைப்படவில்லை.